காசு குடுத்துக் குப்பை வாங்குற பேத்திக்கு

நம்ம பக்கம் தாள் ஒட்டிக் கூலி வாங்கினவ ஆயிரம் பேர் உண்டு. தாள் ஒட்டுறதுக்குக் கைக்காசைக் குடுக்குறவளை இப்பத்தான் தாயி பாக்குறேன்.

கோவிச்சுக்காத. உன் அப்பத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்னு இந்தத் தெருவுக்கே தெரியும். நீ பட்டணத்துல வேலை பாத்துக் களைச்சு வர்ற. வந்ததும் போனைத் தூரப் போட்டுட்டு, கத்திரியும் பசையுமா உக்காந்து எதையோ வெட்டி எதுலயோ ஒட்டுற. நல்ல காரியம். அந்த நேரத்துல உன் மூஞ்சி தெளிஞ்சு கெடக்கு, நானே பாத்தேன். ‘ஜங்க் ஜர்னல்’னு பேரும் சொன்ன. பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும். என் சண்டை உன் நோட்டோட இல்ல, அந்தப் பார்சலோட.

அந்த அட்டைப் பெட்டியில என்னென்ன வந்துச்சுன்னு சொல்லவா? பழுப்பேறின மாதிரி அச்சடிச்ச புதுத் தாளு ஒரு கட்டு. எவளோ ஒரு வெள்ளைக்காரி எவனுக்கோ எழுதின லெட்டரு, அதுவும் நகலு. பாரீசு தபால் முத்திரை. ஈபிள் டவரு. அரக்கு முத்திரைன்னு சொல்லி பிளாஸ்டிக்குல ஒண்ணு. காஞ்ச பூப் படம் போட்ட ஸ்டிக்கரு. கொல்லையில நெசப் பூவே காஞ்சு உதுந்து கெடக்கு, தெனம் கூட்டி அள்ளுறவ நான். ஏ தாயி, உனக்குப் பிரெஞ்சுல ஒரு எழுத்துத் தெரியுமா? அந்த லெட்டருல என்ன எழுதியிருக்குன்னாவது தெரியுமா? ‘வாங்கின கடனை எப்பத் திருப்பிக் குடுப்ப’ன்னு கேட்டு எழுதியிருந்தா? நீ அதை நடுப்பக்கத்துல ஒட்டி, சுத்தி ரோசாப்பூ வேற வெச்சிருக்க.

அப்புறம் அந்த ஜப்பான் டேப்பு. கலர் கலரா, வளையல் சரம் கணக்கா அடுக்கி வெச்சிருக்க, ஒண்ணைக் கிழிக்கக்கூட மனசு வரலை உனக்கு. அதோட கதையை நீதான் போன்ல படிச்சுச் சொன்ன. கமோய் ககோஷின்னு ஜப்பான்ல ஒரு கம்பெனி. 1923-ல ஆரம்பிச்சப்ப அவங்க செஞ்சது ஈ பிடிக்கிற ஒட்டுத்தாளாம். பெறகு பெயிண்டு அடிக்கையில ஓரம் மறைக்கிற டேப்பு. அந்த டேப்பை வெச்சு அழகழகா ஒட்டிப் பாத்த சில பொம்பளைக, ஃபாக்டரியைப் பாக்கணும்னு கேட்டு வந்தாங்களாம். அதுக்கு அப்புறந்தான் பூவும் கோடும் போட்டு விக்கிற யோசனையே அவனுக்கு வந்திருக்கு. ஈ பிடிச்ச கம்பெனி இப்ப உன்னப் பிடிச்சிருக்கு. நீயும் ஒட்டிக்கிட்ட, விடுபட மாட்டேங்குற.

அவன் ஈத்தாளு ஆரம்பிச்ச அதே சமயத்துலதான் நம்ம பக்கமும் ஒட்டுற பொழப்பு வந்துச்சு. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில இருந்து கல்கத்தாவுக்குப் போனாங்க. தீப்பெட்டித் தொழிலைப் படிச்சுட்டு வந்து இங்க ஆரம்பிச்சாங்க. இது கரிசக்காடு. மானத்தைப் பாத்து விதைக்கிற பூமி. மழை பொய்ச்சா பொழப்பும் பொய்ச்சுரும். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஆபீசு வேலை நுழைஞ்சது அப்படித்தான். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சாபீசு வந்துச்சு. லேபிளுக்கு வந்த மிஷினு சும்மா கெடக்குமா? வெடிக்குப் படம், காலண்டரு, டைரி, கல்யாணப் பத்திரிகைன்னு அடிச்சுத் தள்ளுச்சு. நாட்டுல எவன் வீட்டுச் செவுத்துல லட்சுமி சிரிச்சாலும், அவ பெரும்பாலும் நம்ம சிவகாசி வழியாத்தான் போயிருப்பா.

அப்ப தீப்பெட்டி அட்டையில செய்யல. மெல்லிசாச் சீவின மரத்தகடு வரும். அதை மடக்கி, நீலத்தாளைச் சுத்தி ஒட்டணும். பசையை எடுக்க ஒரு வெரலு, தடவ ஒரு வெரலு, ஒட்டின பெட்டியில படாம வெச்சுக்க மிச்ச வெரலு. இந்தக் கணக்கு பிடிபடுறதுக்குள்ள பாவாடையெல்லாம் பசையாயிரும். 144 பெட்டி சேந்தா ஒரு குரோஸ், குரோஸ் கணக்குலதான் கூலி. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய புள்ளைகளை உக்கார வெச்சு ஒட்ட வெச்ச காலம் அது. அதைப் பெருமையாச் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா தாளைப் பத்தி எனக்கு எவளும் வீடியோ போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லைன்னு மட்டும் தெரிஞ்சுக்க. நீ பாக்குற வீடியோவுல நகத்துக்குச் சாயம் போட்ட ரெண்டு கை மட்டும் வருது, மூஞ்சியக் காணோம். தாளைக் காதுகிட்ட வெச்சுச் சரசரங்குறா. அதைக் கேட்டா தூக்கம் வருதுங்குற. எங்களுக்கும் வந்துச்சு. தூங்கினா கூலி போகும்.

சரி, விசயத்துக்கு வாறேன். உனக்கு ஒட்ட என்ன வேணும்? பழசு வேணும், கதை வேணும், கையில பட்டா ஒரு வாசம் வரணும். அதுக்கு நீ ஏழு கடல் தாண்டி ஆர்டர் போடுற. கூடத்து உத்தரத்துல தொங்குற உன் தாத்தா கம்பியை ஒரு நாளாவது அண்ணாந்து பாத்தியா?

நீ அதை ஒட்டடைன்னு நெனச்சிருப்ப. அடியில வட்டமா ஒரு மரக்கட்டை, அதுல இருந்து மேல போற கம்பி, நுனியில கொக்கி. வீட்டுக்கு வந்த தாளு ஒண்ணு விடாம உன் தாத்தா அதுல குத்தி வெச்சாரு. மேல இருக்கிறது கரண்டு பில்லும் கேஸ் ரசீதும். கொஞ்சம் கீழ இறங்கினா உரக்கடைச் சிட்டை, விதைப் பருத்தி பில்லு. அதுக்கும் கீழ நீல இன்லாண்டு லெட்டரு, மூலைக்கு மூலை மஞ்சத் தடவின கார்டு. இழவுச் சேதி ஒண்ணுகூட இருக்காது, தேடாத. அதைப் படிச்ச கையோட கிழிச்சுப் போட்ருவோம், வீட்டுக்குள்ள வெக்கிற வழக்கமில்ல. அதனால அந்தக் கம்பியில இருக்கிறது பூராவும் நல்ல சேதியும் கடனும்தான்.

அடிமட்டத்துல ஒரு தந்தி இருக்கு. உன் பெரிய அத்தை பொறந்ததுக்கு எங்க அண்ணன் பம்பாயில இருந்து அனுப்பினது. தந்தியை அரசாங்கமே 2013-ல நிறுத்திருச்சு. இனி நீ எம்புட்டுக் காசைக் கொட்டினாலும் உன் பேருக்கு ஒண்ணு வராது. பாரீசு முத்திரை பெருசா, இது பெருசா, நீயே சொல்லு. எடுக்கிறப்ப ஒண்ணு: எல்லாத் தாளுக்கும் நட்ட நடுவுல ஒரு ஓட்டை இருக்கும். அதை ஜப்பான் டேப்பு போட்டு மறைக்காத. ஓட்டையைச் சுத்திக் கம்பித் துரு ஏறி ஒரு செவப்பு வட்டம் விழுந்திருக்கும் பாரு, உன் ஸ்டிக்கருக்காரன் அந்தக் கலரைக் கொண்டாந்துருவானா?

கையை வெக்கக் கூடாத சாமானும் வீட்டுல உண்டு. பத்திரத்தைத் தொடாத. முத்திரைத்தாளு பாக்க அழகாத்தான் இருக்கும். பழைய எழுத்து, சீலு, கட்டை வெரல் ரேகை, உன் நோட்டுக்குன்னே செஞ்ச கணக்கா இருக்கும். அதுல ஒரு மூலையை நீ பூ வடிவத்துல வெட்டினா, அந்த மூலையில இருக்கிற கெணறு யாருக்குப் போகும்னு சொல்ல முடியாது. மொய் நோட்டைத் தொடவே தொடாத. அது பழசு இல்ல, இன்னும் உசிரோட இருக்கிற கணக்கு. உங்க அப்பன் கல்யாணத்துக்கு 11 ரூபா வெச்சவன் வீட்டுல இன்னைக்கும் விசேசம் வருது. அந்தப் பக்கத்தை நீ வெட்டி ஒட்டிட்டா, நான் சபையில என்னன்னு எழுதுறது? வேணும்னா கலர் ஜெராக்ஸ் எடுத்துக்க. ஊதாக் கலரு மையும், ‘சும்மா பேருக்கு’ன்னு ஒருத்தன் பேருக்குப் பக்கத்துல உன் தாத்தா எழுதி வெச்ச குறிப்பும் ஜெராக்ஸ்லயும் நல்லாத் தெரியும். யாரு பேருன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீ பஸ் டிக்கெட்டு ஒட்டுறியே, அதுலயும் ஒரு சூது இருக்கு. முந்தி கண்டக்டர் எச்சி தொட்டுக் கிழிச்சுக் குடுத்த கலர் டிக்கெட்டுக்கு ஆயுசு கெட்டி. பச்சை, ரோசு, மஞ்சன்னு ஒவ்வொரு காசுக்கும் ஒரு நெறம். அது அச்சு மையி, அம்பது வருசமானாலும் கெடக்கும். இப்பக் குடுக்கிற மிஷின் டிக்கெட்டுல மையே கெடையாது. சூடு பட்டாக் கறுக்கிற மருந்தைத் தாள்லயே தடவியிருக்கான், மிஷினு சூட்டை வெச்சு எழுத்துக் காட்டுது. நம்பலைன்னா ஒண்ணைக் கொதிக்கிற டீ டம்ளரு மேல வெச்சுப் பாரு, கன்னங்கரேல்னு ஆயிரும். சும்மா வெச்சாலோ மாசக் கணக்குல மங்கி வெறுந்தாளாப் போயிரும். நீ கொடைக்கானல் போன ஞாபகம்னு ஒட்டி வெச்சது அடுத்த தீவாளிக்குள்ள வெள்ளைத் துண்டாத்தான் இருக்கும். ஒட்டின அன்னைக்கே பென்சில்ல ஊரு பேரையும் தேதியையும் கீழ எழுதிப்போடு. சுடுபசை தடவிறாத, இஸ்திரிப் பொட்டியும் வெக்காத. கடை ரசீது, ஏடிஎம் சீட்டு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

பசைன்னதும் ஞாபகம் வருது. அந்த ஊதாக் குச்சிப் பசை, அதை எதுக்கு வாங்குற? தலைப்பாகத்துல பாதி மூடியிலயே போயிருது. மைதா ஒரு கை எடு. மொதல்ல பச்சைத் தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சுக்க, இதுல அவசரப்பட்டாப் பசையில கொழுக்கட்டை விழுந்துரும். மாவு ஒரு பங்குன்னா தண்ணி அஞ்சு பங்கு. சின்னத் தீயில வெச்சுக் கிண்டு. வெள்ளையா இருக்கிற வரைக்கும் அது கஞ்சி. கிண்டக் கிண்ட வெள்ளை போயி, கண்ணாடி ஏறி, கரண்டியில இருந்து நூலா எறங்கும். அந்த நிமிசம் எறக்கிரு. ஆறுனாத்தான் தடவணும். எங்க காலத்துல புளிக்காம இருக்கவும் பூச்சி அண்டாம இருக்கவும் மயில் துத்தம் போடுவாங்க. அது விசம், உனக்கு வேண்டாம். அன்னன்னைக்கு வேணுங்கிறதைக் காய்ச்சிக்க. ஒரு துண்டு ஒட்டவா? சோத்துப் பருக்கை போதும், காத்தாடியே அதுலதான் பறந்துச்சு. கெட்டியா நிக்கணுமா? நாட்டுக் கருவேல மரத்துல தேன் கலருல பிசின் வடிஞ்சு நிக்கும், ராத்திரி தண்ணியில ஊறப்போட்டாக் காலையில பசை. சீமைக் கருவேல மரத்துல போயி சொரண்டிட்டு என்னைய வையாத.

பசைன்னா இளக்காரமா நெனைக்காத. அமெரிக்காவுல மார்க் ட்வைன்னு பெரிய எழுத்தாளரு. துண்டுத் தாளு ஒட்டிச் சேக்கிறதுல அவருக்கு ஆசை, பசை தேடுறதுல சள்ளை. பக்கத்துலயே பசையைத் தடவிக் காய வெச்சு, தண்ணி தொட்டா ஒட்டுற நோட்டு ஒண்ணை யோசிச்சு, 1873-ல அதுக்குப் பேட்டண்டும் வாங்கிட்டாரு. எழுதிப் பொழைச்சவருக்கே ஒட்டுறதுல துட்டு இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. நீ மட்டும்தான் குடுக்கிற பக்கமே நிக்கிற.

மாவுப் பசையில ஒரு தொந்தரவு உண்டு. தண்ணி பட்டதும் தாளு வளையும். நீ ஒட்டின பக்கமெல்லாம் அப்பளமா நெளிஞ்சு நின்னுச்சே, அதுதான். உன் தாத்தா பைண்டிங்ல கெடந்த மனுசன், எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. தாளுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. ஒரு பேப்பரை நெடுக்க கிழி, அப்புறம் குறுக்க கிழி. ஒரு பக்கம் கோடு போட்டாப்புல நேரா வரும், இன்னொரு பக்கம் கோணக்கோணப் போகும். நேரா கிழியிறதுதான் அதோட ஓட்டம். ஓட்டத்தோட மடிச்சா மடிப்பு படியும், எதுத்து மடிச்சா வெடிக்கும். அடித்தாளோட ஓட்டமும் மேல ஒட்டுறதோட ஓட்டமும் ஒரே பக்கமா இருந்தா நெளியாது. பசையை மெல்லிசாத் தடவு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளு, மேல ஒரு வெறுந்தாளைப் போட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வெய்யி. ராத்திரி பூரா கெடக்கட்டும். அம்மியைத் தூக்க முடியலைன்னா என்னையக் கூப்புடு, ஒன்னைய விட எனக்குத் தெம்பு அதிகம்.

நோட்டையும் காசு குடுத்து வாங்கியிருக்க. அதுல பாதிப் பக்கம் ‘பழசு’. நம்ம வீட்டுப் பரண்ல உங்க அப்பன், சித்தப்பன், நீ, எல்லாரும் பாதி எழுதிப் போட்ட நோட்டு மூட்டையா இருக்கு. உன் கணக்கு நோட்டுல பின்பக்கம் பூராவும் வெள்ளை, ஏன்னு நாம பேச வேண்டாம். அதுல அஞ்சாறு தாளு, நடுவுல ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு காலண்டர் தாளு, எல்லாத்தையும் ஒண்ணா மடி. மடிப்புல மூணு ஓட்டை போடு. ஊசியை நடு ஓட்டையில உள்பக்கமா விட்டு வெளிய எடு, நூல் வாலை உள்ள விட்டுவெய்யி. வெளிய இருந்து மேல் ஓட்டையில உள்ள விடு. உள்ளுக்குள்ளயே நடு ஓட்டையைத் தாண்டிக் கீழ் ஓட்டைக்குக் கொண்டு வந்து வெளிய எடு. மறுபடி நடு ஓட்டையில உள்ள விடு. இப்ப ரெண்டு நூல் முனையும் உள்ள இருக்கும். நீளமா ஓடுற நூலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் அந்தப் பக்கம் ஒண்ணுமா வெச்சு முடிச்சுப் போடு. முடிஞ்சது நோட்டு. நூலை மெழுகுவத்தியில ஒரு இழு இழுத்துக்கிட்டா சிக்கு விழாது. அட்டைக்குச் சேலைப் பெட்டி, ஸ்வீட்டு டப்பா. மேல ஒட்ட என் சுங்குடிச் சேலை கிழிஞ்சது ஒண்ணு தாரேன். கிழியாததைக் கேக்காத.

கல்யாணப் பத்திரிகையைப் பத்தித் தனியாச் சொல்லணும். நம்ம ஆளுக பந்தியில சோத்துல கூடக் கஞ்சத்தனம் பண்ணுவான், பத்திரிகையில பண்ண மாட்டான். கெட்டி அட்டை, தங்க முலாம் புள்ளையாரு, வெல்வெட்டு, நடுவுல கண்ணாடித்தாளு, கயிறு, குஞ்சம். கடையில நீ வாங்கினியே அந்தக் கட்டு, அதைவிட ஒசத்தி சரக்கு, ஊரான் செலவுல நம்ம வீட்டு வாசலுக்கே வருது. சாமி படத்தை வெட்ட யோசனையா இருந்தா முழுசா ஒட்டிரு, தோசமில்ல. ‘இருமனம் கலக்கும் திருமணம்’னு போட்டிருக்கிறதுல யாரு யாரு இப்பப் பேசிக்கிறதில்லைன்னு என்கிட்டக் கேளு, ஓரத்துல எழுதிக்கலாம்.

அச்சாபீசு வேஸ்டு தாளு பாத்திருக்கியா? மிஷினு ஓட்ட ஆரம்பிக்கையில மையி சரியா எறங்குதான்னு பாக்க, கழிச்சுப்போட்ட தாளையே திரும்பத் திரும்ப விட்டு எடுப்பாங்க. ஒரே தாள்ல முருகன், முருகன் நெத்தியில லட்சுமி வெடி, அதுக்கு மேல யாரோ ஒரு ஜவுளிக்கடைப் பொண்ணு, அவ கன்னத்துல மார்கழி மாசத்து ராகு காலம். வேணும்னு உக்காந்து வரைஞ்சாலும் ஒருத்தனுக்கு வராது. உங்க சித்தப்பன் சிவகாசிக்குப் போறப்ப சொன்னா ஒரு சுருள் கெடைக்கும். கெடைக்கலையா, பழைய பேப்பர்க்கடையில கிலோவுக்கு எடை போட்டு வாங்கு. நீ ஒரு டேப்புக்குக் குடுக்கிற காசுக்குச் சாக்குல கட்டித் தூக்கிட்டு வரலாம்.

தாளைப் பழசாக்க டீத்தண்ணி ஊத்துறியாமே. மூஞ்சிக்கு வெளுக்கக் கிரீமு, தாளுக்குப் பழுக்க டீத்தண்ணி. என்னத்தச் சொல்ல. சரி, செய்யி, ஆனா அதுக்குப் புது டீத்தூளை உடைக்காத. வடிகட்டின சக்கையை மறு கொதி விட்டாலே போதும். நியூஸ்பேப்பரை முக்காத, பிஞ்சு போகும். அதுவே வெயில்ல நாலு நாள் கெடந்தாத் தானாப் பழுத்துரும், அந்தத் தாளோட சாதி அப்படி. கறுப்பு வேணும்னா கடுக்காயைத் தட்டி ஊற வெச்ச தண்ணியில ரெண்டு துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு வெய்யி. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேந்தாக் கறுக்கும். கலம்காரிக்காரன் துணியில போடுற கறுப்புக்கும் அதான் சூச்சமம். இரும்போட வெல்லத்தைப் போட்டுப் புளிக்க வெப்பான், அம்புட்டுத்தான் வித்தியாசம்.

மிச்சம் விழுற துண்டுகளைக் குப்பைக்குப் போடாத. தண்ணியில ஊறப் போடு, ரெண்டு மூணு நாள், தண்ணியை மாத்தி மாத்தி. வெந்தயம் ஒரு கை ஊற வெச்சு அதோட சேத்து உரல்ல ஆட்டு. மாவா வந்ததும், கவுத்துன பானை மேல ஈரத்துணியைப் போட்டு வழிச்சு அப்பு. வெயில்ல காஞ்சதும் கழட்டுனா கூடை. ஓட்டை முறத்துக்கும் இதையேதான் பூசுவோம். கிரைண்டர்ல போட்டு ஆட்டலாம்னு உனக்குத் தோணும். தோணினதோட நிறுத்திக்க, உங்க அம்மா உன்னைய வெச்சுக்க மாட்டா. என் கூடை ஒண்ணு பரண்ல இருக்கு. வெந்தய வாசம் போயிருச்சு, கூடை போகல.

உன்கிட்ட எனக்குப் பிடிக்காதது இன்னொண்ணு இருக்கு. ஒரு பக்கம் ஒட்டி முடிக்கிறதுக்குள்ள அதைப் படம் பிடிச்சு ஊருக்கே அனுப்புற. சண்டிகர்ல நேக் சந்துன்னு ஒரு மனுசன், ரோடு இன்ஸ்பெக்டர் வேலை. 1957 வாக்குல ஆரம்பிச்சு, உடைஞ்ச ஓடு, வளையல் துண்டு, பீங்கான் சில்லு, இதுகளைப் பொறுக்கிட்டு வந்து காட்டுக்குள்ள ராவோட ராவா பொம்மையா நட்டுக்கிட்டே இருந்தாரு. அரசாங்க எடம், அதனால யாருகிட்டயும் மூச்சு விடல. எழுபதுகளோட நடுவுலதான் அதிகாரிக கண்ணுல பட்டிருக்கு. அதுக்குள்ள தோட்டமே ஆயிருச்சு. இடிக்கவா வேண்டாமான்னு யோசிச்சுட்டு, 1976-ல ஜனங்களுக்குத் தெறந்து விட்டுட்டாங்க. ராக் கார்டன்னு இன்னைக்கும் டிக்கெட்டு வாங்கிட்டுப் போயிப் பாக்குறாங்க. அந்த மனுசன் தெனம் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தா ரெண்டாம் நாளே சஸ்பெண்டு ஆகியிருப்பாரு.

காசே செலவழிக்காதன்னு நான் சொல்லல. நல்ல கத்திரிக்கோல் ஒண்ணு வாங்கிக்க, என் வெத்தலைக் கத்திரியைத் தூக்காத. பெரிய காது வெச்ச ஊசி ரெண்டு, இரும்பு அளவுகோல் ஒண்ணு. அம்புட்டுத்தான் வீட்டுல இல்லாத சாமானு. அந்த டேப்பையும் வாங்கினது வாங்கிட்ட, கிழிச்சு ஒட்டித் தீரு. பத்திரமா வெச்சிருந்து என்ன பண்ணப் போற, சீர் வரிசையிலயா வெக்கப் போற? ஒட்டினது பூராவும் பெட்டியில வெக்கிறப்ப ஒரு வசம்புத் துண்டைக் கூடப் போடு. ஏட்டுச் சுவடிக்கு அந்தக் காலத்துல அதுதான் காவலு. மாவு வாசத்துக்கு ராமபாணப் பூச்சி வரும், நீ இன்ஸ்டாகிராம்ல போடலைன்னாலும் கண்டுபிடிச்சு வரும்.

நோட்டுல எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவன்னு தெரியும். ஆதார் கார்டு படத்தை மட்டும் ஒட்டிறாத, அதுல இருக்கிறவ யாருன்னு எனக்கே அடையாளம் தெரியல. காது வளத்துத் தண்டட்டி போட்டிருக்கிற படம் ஒண்ணு ட்ரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு, பக்கத்துல ஒரு சினிமா நடிகர் படமும் இருக்கும். ரெண்டையும் பிரிக்காம எடு.

கம்பியைத் தவிர மிச்சமெல்லாம் பரண்லதான். நாளைக்கு ஏணியைப் போட்டு ஏறு. ஏறுறது ஏறுற, அந்த வெங்கலப் பானையையும் எறக்கிக் குடு, ஒட்டடையையும் ஒரு தட்டுத் தட்டிரு, பொங்கலுக்கு எப்படியும் அடிக்கணும். மூட்டையைப் பிரிச்சு உனக்கு வேணுங்கிறதை எடுத்துக்க. வேணாங்கிறதைக் கட்டித் திண்ணையில வெய்யி. பழைய பேப்பர்காரன் வெள்ளிக்கிழமை வருவான், கிலோ என்ன வெலைன்னு நான் பேசிக்கிறேன். அந்தக் காசைப் பத்தி நீ கேக்கக் கூடாது. வெத்தலை வெலை ஏறிப்போச்சு தாயி.